கைக்கு இலகு, கணக்கில்? தோட்டங்களுக்கு வரும் புதிய கருவிகள்

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியவில் தேயிலை மலைகளும் இறப்பர் மலைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. வன்னியிலுள்ள வாசகர்கள் சிலருக்கு இந்தப் பக்கம் புதிதல்ல. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம்.

பெருந்தோட்டங்களில் இப்போது பழைய கருவிகள் மாறிவருகின்றன. விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். கொக்கித் தராசின் இடத்துக்கு இலக்கம் காட்டும் இலத்திரனியல் தராசு வருகிறது. இலகுவான கருவியைக் கொடுத்தும் தொழிலாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்? படிப்பில்லை, பழக்கத்தை விடமாட்டார்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது சோம்பேறித்தனமான பதில்.

புதிய தொழில்நுட்பத்தை ஊழியர்கள் ஏற்பதற்கு இரண்டு காரணங்கள் முக்கியம் என்று அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். ஒன்று, கருவி இலகுவானதா? மற்றது, அதனால் தன் வேலைக்குப் பயன் உண்டா? இரண்டில் பயனே கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய முடிவு. அவர் ஆராய்ந்தது கணினி பாவிக்கும் அலுவலர்களை. தோட்டத்தில் பயன் என்பது மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தெரிய வேண்டிய விஷயம்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வோம். அதன் அலகோடு ஒரு தட்டு பொருத்தப்பட்டிருக்கும்; வெட்டிய கொழுந்து அதில் விழும். ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாளில் கூடுதல் கிலோ எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் விரல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும். கத்தரிக்கோல் முற்றலையும் சேர்த்து வெட்டும். முற்றல் கலந்தால் நிறுக்கும் இடத்தில் கழிவு வெட்டுவார்கள். கருவி தந்த கிலோவில் ஒரு பகுதி தராசடியில் போய்விடும். அலகை யார் தீட்டிக் கொடுப்பது, தோள்வலிக்கு யார் பொறுப்பு என்பவை தனிக் கேள்விகள்.

இதைவிடப் பெரிய பயம் நாளொன்றுக்குரிய கிலோ அளவைப் பற்றியது. அந்த அளவு எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன் பிறகு பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ கேட்கப்பட்டது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர் போடப்பட்டதாக முறைப்பாடுகள் வந்தன. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபாவானது. சம்பளத்தைச் சட்டம் சொல்கிறது. கிலோவைத் தோட்டம் சொல்கிறது. இதைக் கண்ட ஒரு பெண், கத்தரிக்கோலால் 30 கிலோ எடுத்துக் காட்டினால் நாளைக்கு அதுவே அளவாகிவிடும் என்று நினைப்பதில் என்ன பிழை?

தராசின் கதையும் இப்படித்தான். பழைய தராசில் முள் ஆடும். கணக்கப்பிள்ளை வாசிப்பதுதான் கிலோ. புதியது இலக்கத்தைத் தெளிவாகக் காட்டும், அட்டையில் பதியும், பற்றுச்சீட்டும் அடிக்கலாம். தொழிலாளிக்கு உண்மையிலேயே நன்மை தரக்கூடிய கருவி இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றலுக்கு என்று கழிக்கும் கிலோவை அந்தத் தராசுக்குச் சொல்வதும் ஒரு மனிதர்தான். கழித்த பிறகு வரும் எண் மட்டும் திரையில் தெரிந்தால் பழைய சந்தேகம் அப்படியே இருக்கும். முழு நிறை, கழிவு, மிச்சம் என்று மூன்றும் தமிழில் சீட்டில் வந்தால் நிலைமை வேறு. தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுவது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு. முத்திரை இருக்கிறதா என்று எவரும் கேட்கலாம்.

இறப்பர் மலையில் இதே சிக்கல் இன்னும் மறைவாக இருக்கிறது. பால் எத்தனை லீற்றர் என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பார்ப்பது அதிலுள்ள காய்ந்த இறப்பரை. பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் என்ற கருவியைப் பார்த்து அதை மதிப்பிடுகிறார்கள். வாசிப்பவர் ஒருவர், வெட்டியவர் வேறொருவர். அதே மலையில் பட்டைக்கு மேல் கட்டும் பிளாஸ்டிக் மழைத்தடுப்பைப் பாருங்கள். மழை நாளிலும் பால் வெட்டலாம், அதனால் வேலைநாள் கூடும். அதை வேண்டாம் என்று சொல்லத் தொழிலாளிக்குக் காரணமே இல்லை.

கணக்கைப் பேசாமல் கருவியை மட்டும் இறக்கினால் எங்கே போய் முடியும் என்பதைக் கென்யாவில் பார்த்தோம். அங்கே ஒரு கொழுந்து வெட்டும் இயந்திரம் பலருடைய வேலையைச் செய்துவிடும். 2023 மே மாதம் கெரிச்சோவில் இயந்திரங்கள் எரிக்கப்பட்டன. மோதலில் ஓர் உயிரும் போனது. புளத்கொகுபிட்டியவின் செங்குத்து மலைகளில் அத்தகைய பெரிய இயந்திரத்தை ஓட்டுவது கடினம். கத்தரிக்கோலும் மின்கலத்தில் இயங்கும் கைக்கருவியும் அப்படியல்ல, அவற்றை எந்த மலைக்கும் கொண்டுபோகலாம். ஆகவே தொழிற்சங்கங்கள் கருவி வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு: கருவி வந்த பின் நாள் அளவு எத்தனை கிலோ, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு, வெட்டிய கொழுந்துக்குக் கழிவு எவ்வளவு, வயது போனவர்கள் விரலாலேயே பறிக்க விரும்பினால் அவர்களுக்கு எந்த அளவு.