கல்லில் ஏறாத கொடையாளர்கள்



கல்லூரிகளின் நன்கொடை வசூலும் முன்னாள் மாணவர் சங்கமும் தலித் இலக்கிய மேடையில் பேச வேண்டிய பொருளா என்று உங்களில் சிலர் கேட்கலாம். பேசித்தான் ஆக வேண்டும். ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தவர் யார் என்று எழுதிவைக்கும்போதே அந்த நிறுவனம் யாருடையது என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது. கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறுகிறது. பெற்றவர் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. நம் மக்கள் எப்போதும் பெற்றவர் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையின் பழைய கணக்குகளைப் புரட்டினால் இந்தப் பட்டியல் தவறு என்பது விளங்கும். அதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

அம்பாசமுத்திரத்துக் கல்

முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவு செய்யும் நிலைநிதி ஏற்பாடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நம் ஆற்றங்கரையில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வயது. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரம் கோயில் வழிபாட்டுக்கென்று இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்தான். முதல் அப்படியே இருக்க வேண்டும். காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் பொலிசையாக வர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கல்லில் அரசன் பெயர் இருக்கிறது, சபையின் பெயர் இருக்கிறது, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் அடித்துத் தூற்றியவர்கள் பெயர் இல்லை. அரசன் காசு கொடுத்தது ஒரே ஒரு முறை. உழைப்பவர் கொடுத்தது ஆண்டுதோறும். ஒருமுறை கொடுத்தது தர்மம் என்று பெயர் பெற்றது. ஆண்டுதோறும் கொடுத்தது கடமை என்று சொல்லப்பட்டது. நஞ்சைச் சமூகத்தின் சாதியம் இந்தப் பெயர் சூட்டலில்தான் உயிர் வாழ்ந்தது. நம் கல்லூரிகளின் நன்கொடைப் பலகைகளைப் படிக்கும்போது இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொள்வோம்.

பிடி அரிசியும் மகமையும்

நெல்லையின் இந்துக் கல்லூரியை ம.தி.தா. என்ற மூன்றெழுத்து இல்லாமல் யாரும் சொல்வதில்லை. அந்த எழுத்துகள் கொடையாளர் பெயரின் சுருக்கம். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயர் வேறு வகை. சாராள் தக்கர் இங்கிலாந்தில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிப் பெண். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. சென்னையில் சி.எம்.எஸ். சங்கச் செயலாளராக இருந்த உடன்பிறந்தவர் எழுதிய கடிதங்கள் வழியே நெல்லைப் பெண்களை அறிந்தார். அவர்கள் படிப்புக்காக எழுதினார், உதவி திரட்டினார். அவர் இறந்த பிறகு நண்பர்கள் அவர் நினைவாகத் திரட்டிய பணம் இங்கே பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாயிற்று. 1895இல் அது கல்லூரியாக உயர்ந்தது. கேட்டு வாங்குவதும் ஒரு சமூகப் பணி என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அக்காலத்துக் கல்விப் பணி முழுவதும் கப்பலில் வந்த பணத்தால் நடக்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைக்கும் பழக்கம் நெல்லைக் கிறித்தவக் குடும்பங்களில் வேரூன்றியிருந்தது. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அறுப்பின் பண்டிகையில் பூசணியும் கோழியும் ஏலத்துக்கு வரும். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்ற உறுதியோடு 1903இல் நெல்லையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் இந்தப் பழக்கத்தின் மேல் எழுந்து நின்றது. பக்கத்திலே விருதுநகரில் நாடார் உறவின்முறையார் மகமை தண்டினார்கள், வீடுதோறும் பிடி அரிசி வாங்கினார்கள், சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராசர் படித்த பள்ளி அது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகமைக்குக் கடையும் தராசும் வேண்டும். மூட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்க, மூட்டை நம்முடையதாக இருக்க வேண்டும். நெல்லாகக் கூலி அளக்கப்பட்ட வயற்காட்டு மக்களிடம் பிடி அரிசி எடுத்துவைக்கும் மனம் இருந்தது. மகமை தண்டும் சந்தை இல்லை. மற்றச் சாதிகள் தாமே கல்லூரி கட்டிக்கொண்டன, நீங்கள் ஏன் கட்டவில்லை என்று நம் மாணவர்களைப் பார்த்துக் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

கொடை உரிமையாக மாறும்போது

1872இல் கட்டி முடிக்கப்பட்ட வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தின் கதையை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வேளாளர் முதலானோர் ஒரு பக்கமும் நாடார் முதலானோர் மறு பக்கமும் நின்று பூசை காண வசதியாக, பீடத்தில் சந்திக்கும் இரண்டு கூடங்களாக அது எழுப்பப்பட்டது. நடுவே தடுப்பு. 1910இல் இயேசு சபைக் குருக்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். பழைய வழக்கமும் உரிமையும் போய்விட்டன என்று மேல்சாதியினர் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

இந்த வழக்கு கல்லூரிக்கும் பாடம். செல்வாக்குள்ள பிரிவினரை இழக்கக்கூடாது என்று ஒரு நிறுவனம் முதலில் விட்டுக்கொடுக்கும். பிறகு அந்த விட்டுக்கொடுத்தலே உரிமையாகிக் கல்லில் நிற்கும். அதை இடிக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. எந்த நன்கொடையையும் வாங்கும் முன் அதனோடு என்ன கேட்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் அதே இயேசு சபையார் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரியின் வரலாறு இதைவிடக் கொடியது. அப்போது அது கடனில் தத்தளித்த சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் 1,15,000 டாலருக்கு விற்றார்கள். லூசியானாவின் தோட்டங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைத்தது. விற்பனைக்குப் பொறுப்பான பாதிரியார் மலெடியின் பெயர் பின்னாளில் வளாகக் கட்டடம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. கொடையாளர் பட்டியலில் இடம்பெற வேண்டிய 272 பேரும் விற்பனைப் பத்திரத்தில் மட்டுமே இருந்தார்கள்.

மாணவர்களின் போராட்டத்துக்குப் பிறகே அந்தப் பெயர் நீக்கப்பட்டது. 2017இல் அந்தக் கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்ஸ் என்ற பெயர் வந்தது. விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்த மனிதரின் பெயர் அது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் கிடைக்கும் அதே முன்னுரிமை, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உண்டு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. 2019இல் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, பருவத்துக்கு 27.20 டாலர் தாங்களே கட்டணமாகச் செலுத்தி வழித்தோன்றல்களுக்கு உதவ முடிவெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அதற்குக் கிடைத்தது. பல்கலைக்கழகம் அதைக் கட்டணமாக்காமல், ஆண்டுக்கு 4,00,000 டாலர் நன்கொடையாகத் திரட்டுவதாகச் சொன்னது. கட்டணம் என்றால் கடன். நன்கொடை என்றால் கருணை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த மாணவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். நாமும் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய கணக்கு

தூய சவேரியார் கல்லூரி 1923இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டு கண்ட கல்லூரி. 1980களின் இறுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு அங்கே உருவான நாட்டார் வழக்காற்றியல் மையம் தமிழாய்வுக்குப் பெரிய பங்களிப்பு. நிதி தந்த அறக்கட்டளையை நாம் அறிவோம். பாட்டையும் கதையையும் அடவையும் ஒப்பாரியையும் தந்த கிராமத்து மக்களும் அந்தத் துறைக்குக் கொடையாளர்கள்தான். எந்த ஊரில் எந்தத் துறை அப்படி வளர்ந்தாலும் இந்தக் கணக்கை எழுத வேண்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் உதவி பெறும் பாடப்பிரிவுகளின் ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். அந்த வரியும் அதில் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அதற்குப் பின்னால் அம்பேத்கரின் வாதாட்டம் இருந்தது. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. அதாவது நம் மாணவர் ஒருவர் சேரும்போது கல்லூரிக்கு நிதியும் சேர்கிறது. இலவசமாகப் படிக்கிறான் என்று சொல்பவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும்.

கிறித்தவ தலித்துகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு அவர்களுக்கு இன்றும் மூடியிருக்கிறது. தமிழக அரசு கல்விச் சலுகை தருகிறது. இடஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதன் பொருள் கத்தோலிக்கக் கல்லூரிகளின் நிதி அறிக்கையில் தெரிய வேண்டும்.

முன்னாள் மாணவர் என்பவர் யார்?

‘நாக்’ தரச்சான்றுக்கு முன்னாள் மாணவர் ஈடுபாடும் மதிப்பெண் தரும் அளவுகோல் ஆனதிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. வாட்ஸ்அப் குழு, ஆண்டு ஒன்றுகூடல், வெளிநாட்டுக் கிளை எல்லாம் உண்டு. இவற்றில் நம்மவர் குறைவு. பழைய தோழமை என்பது பல இடங்களில் பழைய சாதி உறவின் மறுபெயர். உதவித்தொகை வந்து சேரவில்லை என்பதற்காகத் தேர்வு நுழைவுச்சீட்டு மறுக்கப்பட்டு, வராந்தாவில் நின்ற நாள்களை எங்களில் பலர் மறக்கவில்லை. அப்படி நின்றவருக்கு இருபது ஆண்டு கழித்து நன்கொடை கேட்டு அழைப்பிதழ் வந்தால் அவர் என்ன செய்வார்? படிப்பைப் பாதியில் விட்டவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவரும் அந்தக் கல்லூரியின் மாணவர்தான்.

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். ஒப்பந்தப்படி பணியாற்றத் திரும்பியபோது பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. 1952இல் கொலம்பியா அவரை அழைத்து கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. கல்விக்கு அவர் பட்ட கடனைத் தன் மக்களிடம் செலுத்தினார். 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. அதற்கும் முன்னே 1907இல் அயோத்திதாசர் இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். வாசகர் கொடுத்த பைசாவே இதழின் பெயரில் நின்றது. நாம் பின்பற்ற வேண்டிய கொடை மரபு இது.

நமக்குச் சந்தை இல்லை என்று முன்பு சொன்னோம். இன்று மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், காவலர் நம்மிடையே இருக்கிறார்கள். நம் மகமை அங்கிருந்து தொடங்கலாம். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் கட்டணத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் ஈடுகட்டும் சுழல்நிதி ஒன்றை ஒவ்வொரு கல்லூரியின் தலித் முன்னாள் மாணவர்களும் உருவாக்க முடியும். உதவித்தொகை வந்ததும் பணம் நிதிக்குத் திரும்பும். முதல் கெடாது. அரசின் கடமையை அரசிடமும் நிர்வாகத்தின் கடமையை நிர்வாகத்திடமும் கேட்டுக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். நம் நிதி அவர்கள் தப்பிக்கும் வழியாகிவிடக்கூடாது.

நிர்வாகங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, கருவூலம், உதவித்தொகை, கட்டணம், நன்கொடை என்று வரவைப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இரண்டு, படிப்பை முடிக்காதவரையும் முன்னாள் மாணவராகப் பதிவு செய்து, சங்கத்தின் செயற்குழுவில் தலித் மாணவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுங்கள். மூன்று, உதவித்தொகை வரவில்லை என்பதற்காக எந்த மாணவரையும் தேர்வறைக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களையும் நன்கொடைப் பலகைகளையும் எடுத்துப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய், கல்லூரிக் கட்டடத்துக்கு மண் சுமந்தவர் யார், கல் உடைத்தவர் யார், விடுதியில் சமைத்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலோடு அடுத்த ஒன்றுகூடலுக்குப் போங்கள். கூட்டத்தில் அதை உரக்க வாசியுங்கள்.