தசமூலம்: பத்து வேர்களின் வரலாறு

பிள்ளை பெற்ற தாய்க்கும் நோயினின்று எழுந்தவருக்கும் இழந்த வலிமையை மீட்டுத் தருமென்று ஆயுர்வேத வைத்தியர்கள் வழங்கிவந்த கஷாயங்களுள் ஒன்று தசமூலம். சரகர், சுசுருதர் இருவர் நூல்களிலும் இப்பத்து வேர்கள் கூறப்படுகின்றன. வில்வம், குமிழ், பாதிரி முதலிய ஐந்து மரங்களின் வேர் பெரும்பஞ்சமூலம். கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலிய ஐந்து சிறுசெடிகளின் வேர் சிறுபஞ்சமூலம். காரியாசான் தம் நீதிநூலுக்குச் சூட்டிய பெயரும் இதுவே.

மருந்து ஒரு பங்குக்கு நீர் 16 பங்கு வார்த்து, எட்டிலொன்றாகக் காய்ச்சுதல் சார்ங்கதரர் வகுத்த முறை. ஆயின் கஷாயம் மறுநாளே கெட்டுவிடும். வெல்லமும் காட்டாத்திப் பூவும் கூட்டிப் புளிக்கவைத்த தசமூலாரிஷ்டமோ நெடுநாள் நிற்கும். 1902-இல் கேரளத்துக் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையை நிறுவிய பி.எஸ். வாரியர், கஷாயங்களையும் கெடாவண்ணம் ஆக்கிப் புட்டிகளில் வழங்கினார். வீட்டு அடுப்பில் காய்ந்த மருந்து கடைக்கு வந்தது.

இப்பெருக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு. வேரை அகழ்ந்தால் மரம் மடியும். ஆதலின் இன்று மரங்களின் பட்டையையே வேருக்கு மாற்றாகக் கொள்வோர் பலர். இரண்டும் ஒரே பயன் தருமா என்பதை ஆய்வாளர் ஆராயட்டும். மரம் நடுவதற்கு அம்முடிவை எதிர்நோக்க வேண்டுவதில்லை.