குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகக் கிழக்கே போனால் சாலை வித்துராவில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. ரப்பரும் கமுகும் மிளகுக் கொடியும் மரச்சீனியும் நிறைந்த ஊர். வியர்வை காயாத வெக்கை. அங்கிருந்து கல்லாறைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. மூடுபனி முகத்தில் அடிக்கிறது, தேயிலைச் சரிவுகள் தெரிகின்றன, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் தேடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தட்பவெப்பம்.

இந்த மாற்றத்தை உடம்பில் உணர்ந்தவர்களுக்கு ஓர் ஆசை எழுவது இயல்பு. குளிர்நாட்டுப் பூ எதையும் இங்கே வளர்த்துவிடலாம் என்பதே அது. ரோஜா வருகிறது, டேலியா வருகிறது, ஹைட்ரேஞ்சா வேலியோரமெல்லாம் பூக்கிறது. பிறகு பியோனிக்கு என்ன தடை? ஒரு கை அகலத்துக்கு விரியும் அந்தப் பூவின் படத்தைக் காட்டி அதன் கிழங்கை விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கி நடுகிறவர்களுக்கு முதல் ஆண்டு நாலைந்து இலை கிடைக்கும். இரண்டாம் ஆண்டு அதுவும் குறையும். பூ வராது.

காரணம் மண்ணோ உரமோ அல்ல. செடிவகைப் பியோனி இலையுதிர்காலத்தில் மேற்பகுதி முழுவதும் கருகி மண்ணுக்குள் அடங்கிவிடும். கிழங்கின் தலையில் சிவந்த மொட்டுகள் இருக்கும், தோட்டக்காரர்கள் அவற்றைக் கண் என்பார்கள். அந்தக் கண்கள் விழித்து அடுத்த ஆண்டின் பூவைத் தர வேண்டுமானால், பொதுவாக 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் ஆறு முதல் எட்டு வாரமாவது கிடக்க வேண்டும். சில ரகங்களுக்கு இன்னும் அதிகம் தேவை. கிழங்கை ஆழமாகப் புதைத்தாலும் கண்ணுக்குக் குளிர் எட்டாமல் பூ தவறும். அதனால்தான் மேல்மண்ணிலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டருக்குள் கண் இருக்கும்படி நடுகிறார்கள். இடம் பிடித்துப்போனால் அதே குழியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் பூக்கும் செடி அது. அதற்கு வேண்டியது குளிர்ச்சி மட்டுமல்ல, குளிர்காலம்.

குளிர்ச்சியும் குளிர்காலமும் வேறு வேறு என்பதை வித்துராவுக்கு மேலே உள்ள மலைகள் ஏறத்தாழ 170 ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தமிழர் பொதிகை என்று அறிந்த அகத்திய மலையின் மேற்குப் பக்கம் இது. கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவின் நீர் கரமனையாறும் நெய்யாறும் வாமனபுரம் ஆறுமாக அரபிக்கடலுக்கு இறங்குகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் இன்றும் வித்துராவைக் கடந்து போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்துதான் நடையைத் தொடங்குகிறார்கள்.

அந்த உச்சியில் ஒரு காலத்தில் வானிலை அளந்தார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டெகாட். அவருக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், கடலோரத்தில் எடுக்கும் அளவுகள் போதாது, அதே அளவுகளை உயரத்திலும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1855இல் அகத்திய மலையில் இரண்டாவது ஆய்வுக்கூடம் இயங்கத் தொடங்கியது. யானையும் அட்டையும் நிறைந்த காட்டின் வழியே காந்த ஊசிகளும் காற்றழுத்தமானிகளும் வெப்பமானிகளும் மேலே போயின. பருவமழை அடித்து நொறுக்கும் அந்த உச்சியில் உதவியாளர்கள் தங்கியிருந்து அளவுகளைக் குறித்தார்கள். 1865இல் பிரவுன் நாடு திரும்பினார், மலைக் கூடம் நிலைக்கவில்லை. ஆனால் திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் எடுத்த காந்த அளவுகள் 1874இல் நூலாக வெளிவந்தன.

பிரவுனின் முதன்மை அக்கறை பூமியின் காந்தம். தோட்டக்காரருக்கு வேண்டிய கணக்கு அதைவிட எளியது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும். ஆகவே அகத்தியர்கூடத்தின் உச்சி கடற்கரையைவிடப் பன்னிரண்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. ஆனால் உயரம் குறைப்பது ஆண்டின் எல்லா மாதங்களின் வெப்பத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில். நில நடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை டிகிரி சொச்சத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாடு சராசரியில் இரண்டு மூன்று டிகிரிதான். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரமே வித்தியாசம். இங்கே ஆண்டைப் பிரிப்பது மழை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழையும் வந்து போவதைத் தவிர, செடிக்கு ஓய்வெடு என்று சொல்லும் மாதம் எதுவும் இல்லை.

இந்த மலைகளில் எது விளையும் என்பதைக் காசு போட்டுக் கற்றவர்கள் தோட்டத்துரைமார்கள். 1840 முதல் 1860 வரை திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லனுக்குப் பயிர்ச் சோதனைகளில் பெரும் ஆர்வம். அகத்திய மலைக் காடுகளில் ஓங்கி நிற்கும் வெடிப்பலா மரத்துக்குத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் சூட்டிய குல்லேனியா என்ற பெயர் அவரைக் குறிப்பதே. அவருக்குப் பின் 1860களில் தென் திருவிதாங்கூரின் அசம்பு மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பியையும் பிடித்தது. நட்டம் தாங்காதவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். வித்துராவுக்கு மேலே பொன்முடியிலும் போனக்காட்டிலும் இன்று காணும் தேயிலை அந்த மாற்றத்தின் தொடர்ச்சி. கொழுந்து கிள்ள வந்தவர்களில் பெரும்பங்கு திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

தேயிலை ஏன் பிழைத்தது என்பதில்தான் பியோனிக்கான விடையும் இருக்கிறது. டார்ஜிலிங்கில் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை தேயிலைச் செடி உறங்கும். உறங்கி எழுந்து விடும் முதல் கொழுந்துக்குத்தான் அங்கே உச்ச விலை. திருவிதாங்கூர் மலைகளில் அந்த உறக்கம் கிடையாது. மழைக்குப் பின் வரத்து கூடும், கோடையில் குறையும், ஆனால் ஆண்டு முழுவதும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வந்துகொண்டே இருக்கும். குளிர்காலம் இல்லாததால் முதல் கொழுந்தின் பெருமை இந்த மலைக்கு வாய்க்கவில்லை. அதே காரணத்தால் பன்னிரண்டு மாதமும் கொழுந்து கிடைத்தது. பன்னிரண்டு மாதமும் வேலை இருந்ததால் தொழிலாளரைக் குடும்பத்தோடு மலையிலேயே குடியமர்த்த வேண்டியும் வந்தது. தேயிலை குளிர்காலம் இருந்தால் தூங்கும், இல்லாவிட்டால் விழித்தே இருக்கும். பியோனிக்கு அந்த நெகிழ்வு இல்லை.

இந்த இரண்டு செடிகளையும் சீனாவிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் ஒரே ஆளுக்குப் பங்கு உண்டு. ராபர்ட் ஃபார்ச்சூன் 1843இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் சீனா சென்று, ஷாங்காய் வட்டாரத்து மரப் பியோனி ரகங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மறுபடி போனவர் தேயிலைக் கன்றுகளையும் தேயிலை பதப்படுத்தத் தெரிந்த சீனத் தொழிலாளர்களையும் 1851இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கன்றுகள் வார்டியன் பெட்டி எனப்படும் மூடிய கண்ணாடிப் பேழைகளில் கடல் கடந்து இமயமலைத் தோட்டங்களுக்குப் போயின. தென்னிந்தியாவில் பின்னர் பெருமளவு பரவியது அசாம் வகையும் அதன் கலப்பினங்களுமே. எனினும் ஒரே மனிதர் எடுத்த செடிகளில் பியோனி லண்டனுக்கும் தேயிலை இந்தியாவுக்கும் பிரிந்து போனதில் வணிகக் கணக்கோடு வானிலைக் கணக்கும் சேர்ந்திருந்தது.

இந்தியாவுக்குப் பியோனி அந்நியமும் அல்ல. இமயப் பியோனி ஆப்கானிஸ்தானிலிருந்து காஷ்மீர், இமாசலம், குமாவுன் வழியாக மேற்கு நேபாளம் வரை காட்டிலேயே வளர்கிறது. தலை கவிழ்ந்த வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. மலையூர்களில் அதன் இளந்தண்டைக் கீரையாகச் சமைப்பதுண்டு. யுனானி மருத்துவர்கள் ஊத் சலீப் என்ற பெயரில் பியோனி வேரை வலிப்பு நோய்க்குத் தருகிறார்கள். எனவே தென்னாட்டு யுனானி மருந்துக்கடையில் பியோனி காய்ந்த வேராகக் கிடைக்கும். மார்கழிப் பனியில் மூடிக் கிடக்கும் சரிவுகளை விட்டு அந்தச் செடி மட்டும் தெற்கே இறங்கவில்லை.

ஊட்டியில் முடியாதா என்று கேட்கலாம். கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்தார். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் செய்த சின்கோனா மரத்தை நீலகிரியில் வேர்பிடிக்க வைத்தவரும் அவரே. இலங்கையின் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல தோட்டம் 1861இல் தொடங்கியதும் சின்கோனாவுக்காகத்தான். அந்த மரத்தின் தாயகமான ஆண்டிஸ் சரிவுகளும் வெப்ப மண்டலத்து மலைகளே. அங்கும் குளிர்ச்சி உண்டு, நீண்ட குளிர்காலம் இல்லை. ஒத்த இடத்திலிருந்து ஒத்த இடத்துக்கு வந்ததால் அது நிலைத்தது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்மேல் உறைபனி படிவது உண்மை. விடிந்தால் வெயில் இருபது டிகிரிக்கு ஏற்றிவிடும். இரவில் சேர்ந்த குளிரைப் பகல் கரைத்துவிடுகிறது. குறைந்த குளிரில் நிறைவடையும் பேரியும் பிளம்மும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காய்க்கின்றன, மூணாறுக்கு அப்பால் காந்தல்லூரில் ஆப்பிள்கூடக் காய்க்கிறது. பியோனியின் பசிக்கு அது போதாது.

எதிர்த்திசைப் போக்குவரத்து தடையின்றி நடந்தது. அகத்திய மலைத்தொடருக்கே உரிய செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு. உயரத்துப் பாறைச் சரிவுகளில் புல்லுக்கிடையே வளரும், மஞ்சள் பூவில் கரும்பழுப்புக் கோடு ஓடும். கர்னல் ஹீபர் ட்ரூரியின் பெயர் தாங்கிய அந்தச் செடி 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நிலக்கரி எரித்து நீராவிக் குழாயை ஓட்டினால் திருவிதாங்கூரின் வெக்கை கிடைத்துவிடும். இங்கே குளிர்காலத்தை உண்டாக்க அப்போது கருவி இல்லை. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி சென்னை ஐஸ் ஹவுஸில் இறங்கியது, துரைமாரின் கோப்பைக்கும் மருத்துவத்துக்கும் போனது. இரண்டு மாதம் ஒரு பாத்தியைக் குளிரவைக்க அது ஆகாது. விளைவு, நம் மலையின் ஆர்க்கிட் சேகரிப்பாளர்களால் சூறையாடப்பட்டு இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. செருப்பு ஆர்க்கிட்டுகளின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடுமையான தடை இருக்கிறது.

இப்போது குளிரை உண்டாக்கும் கருவி இருக்கிறது. குளிர்பதன அறையில் வைத்த கிழங்குகளை வெப்பக் கூடத்துக்கு மாற்றிப் பூவைக் கட்டாயப்படுத்தும் முறையைப் பல நாடுகள் கையாள்கின்றன. வெப்பநாடு என்று பெயரெடுத்த இஸ்ரேல்கூட வடக்கே உயர்ந்த பகுதிகளின் இயற்கைக் குளிரைப் பயன்படுத்தி ஏற்றுமதிக்குப் பியோனி வளர்க்கிறது. மறுகோடியில் அலாஸ்கா. அங்கே வசந்தம் தாமதமாக வருவதால், மற்ற நாடுகளில் பூ முடிந்துபோன ஜூலை, ஆகஸ்டில் பியோனி மலர்கிறது. 2001இல் பல்கலைக்கழகச் சோதனைப் பாத்தியில் தொடங்கிய முயற்சி சில ஆண்டுகளில் தனித் தொழிலாகிவிட்டது. கடுங்குளிரைக் குறையாகப் பார்த்த மண்ணுக்கு அதுவே மூலதனம்.

வித்துராவின் மூலதனம் வேறு. பக்கத்தில் பாலோட்டில் 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, இந்த வெக்கையிலும் ஈரத்திலும் வாழும் செடிகளையே சேர்த்து வளர்க்கிறது. 1987இல் அகத்திய மலையில் ஆய்வுக்குச் சென்றவர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பில்லாமல் நடக்கத் தாங்கள் தின்னும் சிறு காயைக் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியை அடிப்படையாக வைத்துப் பாலோடு நிறுவனம் ஜீவனி மருந்தை உருவாக்கியது. 1995இல் உற்பத்தி உரிமை கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கான அறக்கட்டளை அமைந்தது. ஆரோக்கியப்பச்சைக்கும் பிடிவாதம் உண்டு: காட்டு மரநிழலும் ஈரமும் விட்டுப் போனால் அது தன் இயல்பில் நிற்பதில்லை. காஷ்மீரில் நட்டால் அதுவும் பியோனி இங்கே படும் பாட்டைத்தான் படும்.

ஆகவே வித்துராவிலோ பொன்முடியிலோ, ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ தோட்டம் வைத்திருப்பவர்கள் பியோனிக் கிழங்குக்குப் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ஒரே கேள்வி கேட்கட்டும்: இதற்கு எத்தனை வாரக் குளிர் வேண்டும்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். சொல்லத் தெரிந்தவர் உங்களுக்கு விற்கமாட்டார். பூவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மே மாதம் காஷ்மீருக்கு ரயில் ஏறுங்கள். வீட்டு வாசலுக்கு மலையில் ஹைட்ரேஞ்சாவும் அடிவாரத்தில் செம்பருத்தியும் போதும்.