தளபதிக்குச் சொந்தமான படை

மஞ்சூரியா ஜப்பானிடம் கைவிட்டுப் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தனை லட்சம் சிப்பாய்கள் இருந்தும் சீனா ஏன் ஒன்றுதிரண்டு எதிர்க்கவில்லை? அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் சீனாவின் சிப்பாய்களே அல்ல, ஆளாளுக்கு ஒரு தளபதியின் ஆட்கள். நான்ஜிங்கிலிருந்த சியாங் கை ஷேக்கின் மத்திய அரசு படைக்கு எண் கொடுக்கும். சம்பளமும் சோறும் தளபதி கொடுப்பார்.

29-ஆம் படையையே எடுத்துக்கொள்வோம். ஃபெங் யூஷியாங் என்ற தளபதியின் வடமேற்குப் படை 1930-இல் சியாங் கை ஷேக்கிடம் தோற்றுச் சிதறியது. எஞ்சியவர்களைச் சேர்த்து உருவானது இது. தலைவர் சோங் ஷெயுவான். தோற்றவனுக்கு யார் நல்ல ஆயுதம் தருவார்கள்? தோளில் பழைய துப்பாக்கி, முதுகில் அகன்ற அலகுள்ள 'தாதாவ்' வாள். 1933 மார்ச்சில் பெருஞ்சுவரின் ஷிஃபெங்கோ கணவாயில், இரவோடிரவாக ஜப்பானிய முகாமுக்குள் புகுந்து அந்த வாளாலேயே வெட்டினார்கள். பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. கணவாய் கையில் தங்கவில்லை; மே 31-இல் ஜப்பானுடன் டாங்கு போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது.

சோங்குக்கு மட்டும் ஏறுமுகம். 1935 டிசம்பரில் ஹெபெய், சஹார் மாகாணங்களை நிர்வகிக்கும் கவுன்சிலுக்கு அவரே தலைவர். 1937-இல் பார்த்தால், அவருடைய படையின் 37-ஆம் டிவிஷன் தளபதி ஃபெங் ஷியான்தான் ஹெபெய் மாகாணத் தலைவர். 38-ஆம் டிவிஷனின் ஜாங் ஜிஜோங் தியான்ஜின் மேயர். 143-ஆம் டிவிஷனின் லியு ரூமிங் சஹாரின் தலைவர். வரி வசூலும் துப்பாக்கியும் ஒரே கையில்! மண் இருந்தால்தான் படைக்குச் சோறு, படை இருந்தால்தான் மண். ஒரு டிவிஷனைப் போரில் தொலைத்தவருக்கு நாற்காலியும் போய்விடும். இவர்களைக் கோழைகள் என்று எழுதுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

1937 ஜூலை 7-இல் மார்க்கோ போலோ பாலத்தருகே ஜப்பானியரோடு மோதல் வெடித்தபோதும் சோங் பேச்சுவார்த்தையில்தான் நாட்களைக் கடத்தினார். ஜூலை 28-இல் 29-ஆம் படையின் நான்யுவான் முகாமை ஜப்பானியர் தாக்கினார்கள். துணைத் தளபதி டோங் லிங்கே, 132-ஆம் டிவிஷன் தளபதி ஜாவ் டெங்யூ இருவரும் ஒரே நாளில் மாண்டார்கள். அன்றிரவே சோங் பாவோடிங்குக்குப் பின்வாங்கினார்.

ஷான்டோங் மாகாணத்தை ஆண்ட ஹான் ஃபூஜூவும் ஃபெங் யூஷியாங்கின் பழைய ஆள்தான். படையைக் காப்பாற்றிக்கொள்ள, டிசம்பரில் ஜினான் நகரைப் பெரிய சண்டையில்லாமல் விட்டுச் சென்றார். கைஃபெங்கில் கூட்டம் என்று சியாங் அழைத்தார். போன இடத்தில் கைது. 1938 ஜனவரியில் வூச்சாங்கில் மரண தண்டனை. அவர் பொத்திக் காத்த படை சுன் டோங்ஷுவான் கைக்குப் போயிற்று.

அடுத்த வாரம்: வைக்கோல் செருப்போடு வந்த சிச்சுவான் படை.

(தொடரும்)