ஒரு ஊர் படிக்குமா? - கற்கும் நகரங்களின் கதை

மனிதன் படிக்கலாம். ஒரு ஊர் படிக்க முடியுமா? 'கற்கும் நகரம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் யாருக்கும் தோன்றும் கேள்வி இது. நிறைய கல்லூரிகள் இருக்கிற ஊர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சான்றிதழ் வாங்கியபின் படிப்பு முடிந்தது என்று நினைக்காமல், பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் கற்க வழி செய்கிற ஊர், தன் பிரச்சினைகளைத் தானே படித்துத் தீர்வு தேடுகிற ஊர் என்று பொருள். இந்த எண்ணம் எங்கே பிறந்தது, ஊர் ஊராக எப்படிப் பரவியது என்று பார்ப்போம்.

1972-ல் யுனெஸ்கோ ஒரு அறிக்கை வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் பிரான்சின் முன்னாள் பிரதமர் எட்கர் ஃபோர். கல்வி என்பது இளமையில் முடிந்துபோகும் விஷயமல்ல, வாழ்நாள் முழுக்க நடப்பது, சமுதாயமே கற்கும் சமுதாயமாக வேண்டும் என்றது அந்த அறிக்கை. நல்ல கருத்துதான். ஆனால் அறிக்கைகளை அலமாரியில் வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தானே!

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முந்தியது ஜப்பானில் உள்ள ககெகாவா என்ற தேயிலை ஊர். ஷிசுவோகா மாநிலத்தில் இருக்கிறது. அப்போது மக்கள்தொகை சுமார் 70,000. இளைஞர்கள் டோக்கியோ பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். 1977-ல் மேயரான ஷின்முரா ஜுனிச்சி, 1979-ல் ஊரையே 'வாழ்நாள் கல்வி நகரம்' என்று அறிவித்தார். வேறு வழியில்லாமல் இந்த ஊரில் கிடக்கக் கூடாது, தெரிந்து, விரும்பி, தேர்ந்தெடுத்து வாழ வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு முதலில் சொந்த ஊரைப் பற்றிக் கற்க வேண்டும் அல்லவா?

இது வெறும் பேச்சாகப் போகவில்லை. 1964 முதல் புல்லட் ரயில் ககெகாவா வழியாக ஓடியது, ஆனால் நிற்கவில்லை. நிலையம் வேண்டுமென்றால் செலவை உள்ளூரே ஏற்க வேண்டும் என்பது விதி. ஊர் மக்கள் கூடிப் பேசினார்கள், நன்கொடை திரட்டினார்கள். ஏறத்தாழ 300 கோடி யென் சேர்ந்தது. 1988 மார்ச்சில் ரயில் நின்றது. 1854 நிலநடுக்கத்தில் சிதைந்த கோட்டைக் கோபுரத்தையும் 1994-ல் மரத்தாலேயே மறுபடி கட்டினார்கள்.

இதற்கிடையே ஐரோப்பாவும் விழித்துக்கொண்டது. 1990-ல் பார்சிலோனாவில் 'கல்வி புகட்டும் நகரங்கள்' என்ற முதல் உலக மாநாடு கூடியது. ஒரு நகரம் தன் குடிமக்களுக்குச் செய்ய வேண்டியதைப் பட்டியலிட்ட சாசனம் அங்கே பிறந்தது. 1992-ல் ஸ்வீடனின் கோதன்பர்கில் இரண்டாவது மாநாடு. அதற்காக ஓஇசிடி அமைப்பு சில நகரங்களின் அனுபவங்களை ஆராய்ந்து தொகுத்தது. அடிலெய்டு, பிட்ஸ்பர்க், வியன்னா போன்ற பெரிய பெயர்களுக்கு நடுவே நம் தேயிலை ஊர் ககெகாவாவும் இருந்தது! நகரங்கள் ஒன்றின் அனுபவத்தை மற்றொன்று படிக்கும் பழக்கம் சூடுபிடித்தது இங்கிருந்துதான்.

பிறகு தென்கொரியா. 1997-ன் பொருளாதார நெருக்கடியில் ஏராளமானோர் வேலை இழந்திருந்த காலம். 1999-ல் சியோலுக்குப் பக்கத்தில் உள்ள குவாங்மியோங் தன்னைக் கற்கும் நகரமாக அறிவித்தது. அதே ஆண்டில் வாழ்நாள் கல்விச் சட்டமும் வந்தது. 2001 முதல் அரசே நகரங்களைத் தேர்ந்தெடுத்து நிதி தர ஆரம்பித்தது. முதல் ஆண்டில் மூன்றே இடங்கள். இன்று மிகப் பெரும்பாலான உள்ளாட்சிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஜப்பானில் ஒரு மேயர் தொடங்கி வைத்தது, கொரியாவில் சட்டமாகவும் பட்ஜெட்டாகவும் மாறியது.

அயர்லாந்தின் கார்க் நகரம் வேறு பாதையில் போனது. அங்கே 1983-ல் டன்லப் தொழிற்சாலையும், 1984-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலையும் மூடப்பட்டன. அப்பாவும் பிள்ளையும் ஒரே ஆலையில் வேலை பார்த்த குடும்பங்கள் திகைத்து நின்றன. கற்ற ஒரே தொழில் இனி உதவாது என்றால் என்ன செய்வது? வாழ்நாள் கல்வி என்பது அந்த ஊருக்கு அலங்காரப் பேச்சல்ல, வயிற்றுப் பிரச்சினை. 2004-ல் அங்கே கற்றல் திருவிழா தொடங்கியது. வசந்த காலத்தில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள், எல்லாம் இலவசம். நம் ஊர்த் திருவிழா மாதிரிதான், சாமிக்குப் பதில் படிப்பு! பின்னர் 2015-ல் நாக்நஹீனி, பாலிஃபீஹேன் என்ற இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் 'கற்கும் அக்கம்பக்கம்' என்ற முயற்சியையும் ஆரம்பித்தார்கள்.

2013 அக்டோபரில் பெய்ஜிங்கில் யுனெஸ்கோ உலக மாநாடு கூட்டியது. ஒரு கற்கும் நகரத்துக்கு இருக்க வேண்டிய 42 அம்சங்கள் அங்கே பட்டியலிடப்பட்டன. தொடர்ந்து கற்கும் நகரங்களின் உலக வலையமைப்பு உருவானது. மெக்சிகோ சிட்டி (2015), கார்க் (2017), மெடலின் (2019) என்று மாநாடுகள் ஊர் மாறின. 2022-ல் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் திருச்சூரும் நிலம்பூரும், தெலங்கானாவின் வாரங்கலும் சேர்ந்தன. 2024 பிப்ரவரியில் மொத்தம் 79 நாடுகளில் 356 நகரங்கள்.

எண்ணிக்கை பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. விருதும் பட்டியலும் வந்தபின் நகரங்கள் வெற்றிக் கதையை மட்டும்தானே சொல்லும்? கூட்டம் வராத வகுப்பு, மேயர் மாறியதும் நின்றுபோன திட்டம், பணம் தீர்ந்ததும் பூட்டிய நூலகம் - இதையெல்லாம் யார் மேடையேறிச் சொல்வார்கள்? மற்ற ஊருக்கு உண்மையில் உதவுவது அந்தத் தோல்விக் கணக்குதான். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன் விடைத்தாளைவிட, தப்பு செய்தவன் விடைத்தாளில்தான் நாம் அதிகம் கற்கிறோம்.

இன்னொன்று. ககெகாவா கோட்டையைக் கார்க்கில் கட்ட முடியாது, கார்க் திருவிழாவைக் குவாங்மியோங்கில் அப்படியே நடத்த முடியாது. ஒரு ஊர் இன்னொரு ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது திட்டத்தை அல்ல, அந்தத் திட்டத்துக்கு வர அவர்கள் தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வியை. "நம் பிள்ளைகள் ஏன் போய்விடுகிறார்கள்?" என்று ககெகாவா கேட்டது. "ஆலை மூடிவிட்டது, இனி என்ன?" என்று கார்க் கேட்டது.

உங்கள் ஊர் கேட்க வேண்டிய கேள்வி என்ன? யோசித்துப் பாருங்கள் நண்பர்களே.