தங்கவயலில் மிஞ்சியவர்கள்

மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் சிங்காரப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் சாமல்பட்டியில் ரயிலேறி, ஜோலார்பேட்டையிலும் பங்காருப்பேட்டையிலும் வண்டி மாறி, தங்கவயல் மாரிக்குப்பத்தில் இறங்கினார்கள். என் தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். கோலார் தங்கவயல் கர்நாடகத்து மண். அதைத் தோண்டியவர்களோ பெரும்பாலும் பழைய வடாற்காடு, சேலம் ஜில்லாக்காரர்களும் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும்.

1880-ல் ஆங்கிலேயரின் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. கூடவே கார்ன்வால் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள். 1902-ல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே இங்கே வந்து சேர்ந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு. அந்த வெளிச்சம் சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும். கூலிக்காரர்களுக்குத் தட்டிக் குடிசை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிற்று. உள்ளே பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் லைன் வீட்டில் பாத்திரம் உருளுமாம். அந்தச் சுரங்கத்துக்குள்தான் 1965-ல் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். தாத்தாவின் அண்ணன் அங்கிருந்து கொண்டுவந்தது சிலிக்கா தூசி அடைத்த நுரையீரலை.

எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பின், 1926-ல் அதை மறுபடி உயிர்ப்பித்தவர் தங்கவயல் அப்பாதுரையார். சாதி ஊரில் தெருவுக்குள் நடக்க முடியாதவர்கள், ஷிப்ட் முடிந்து வந்து பத்திரிகை படித்து வாதாடிய இடம் அது. 1930-ல் கைரேகை பதியச் சொன்ன கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும் அவர்கள்தான். நகைக்கடை விளம்பரம் எதுவும் இதைச் சொல்லாது.

1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய அரசு. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

அதற்குப் பின் ஊரைப் புதுப்பிப்பது பற்றி யார் வாய் திறந்தாலும் கண் போவது மண் மீதுதான். சயனைடு கழிவு மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். 13 மேடுகளில் அதை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்றுக் காலத்தில் அந்த மேட்டுத் தூசியைச் சுவாசிக்கிறவர்கள் கணக்கில் வரக் காணோம். வேலை விஷயத்தைப் பாருங்கள்: ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு வேலை பக்கத்திலேயே வந்தது. தங்கவயல் பிள்ளைகளோ விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். ஊர் இன்று நிற்பது அந்தச் சம்பளத்தில்.

லைன் வீட்டில் இன்னும் குடியிருக்கும் பங்காளி அண்ணனிடம் மேட்டுத் தங்கத்தைப் பற்றிக் கேட்டேன். "அது எடுக்கட்டும் தம்பி, வேணாங்கல. காலை வண்டியில நிக்க எடமில்ல. மொதல்ல ரெண்டு பொட்டி சேக்கச் சொல்லு."