குமிழுக்குள் ஒரு ஜாதகம்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. 'இது 1960-ல செஞ்சது சார், அசல் சரக்கு' என்று விற்பவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். நம்புவதா, வேண்டாமா?

விஷயம் தெரிந்தவர்கள் பேச்சை வளர்க்க மாட்டார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முகப்புத் தகட்டைக் கழற்றி, வால்யூம் குமிழுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன உலோக டப்பியைப் பார்ப்பார்கள். அதன் முதுகில் எண்கள் இருக்கும். 304 6025 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனியின் அடையாளம். 60 என்பது வருடம். 25 என்பது அந்த வருடத்தின் 25-வது வாரம். அதாவது 1960 ஜூன்! அந்த டப்பி அசலாக உள்ளே இருந்ததுதான் என்றால், கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது.

அந்த டப்பியின் முழுப்பெயர் பொட்டென்ஷியோமீட்டர். நம்ம ஊர் ரேடியோ மெக்கானிக்குக்கு அது 'வால்யூம் கன்ட்ரோல்'. கிட்டார்காரர்களுக்குச் சுருக்கமாக 'பாட்'. கிட்டாரின் பிறந்த தேதியைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. அதன் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. நீங்கள் குமிழைத் தொடாவிட்டாலும்!

எப்படி என்று தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1930-களின் தொடக்கம். அமெரிக்காவில் நடன அரங்குகளில் டிரம்பெட்டும் டிரம்ஸும் அதிர, பாவம் கிட்டார் வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஜார்ஜ் போஷாம்ப் என்ற இசைக்கலைஞர் கம்பிகளுக்கு அடியில் காந்தத்தையும் செம்புக் கம்பிச் சுருளையும் வைத்தார். இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஊரே கேட்கும். 1932-ல் ரிக்கன்பேக்கர் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருவத்தைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர், 'வாணலி'!

அடுத்து வருகிறார் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஆனால், ரேடியோவின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கும் என்பது அத்துப்படி. 1950-ல் கனத்த மரப்பலகையில் கிட்டார் செய்தபோதும், 1954-ல் புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தபோதும், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அதே வகைப் பாகத்தைத்தான் உள்ளே வைத்தார். அதன் அளவு 250 கிலோ ஓம். இரண்டரை லட்சம் ஓம்.

மிச்சிகனில் இருந்த கிப்ஸன் கம்பெனி வேறு வழியில் போனது. அங்கே சேத் லவர் என்ற எஞ்சினீயர், மின்சார ஒயர்களில் இருந்து தொற்றிக்கொள்ளும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்தை ஒழிக்க, இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். இரண்டிலும் நுழையும் ரீங்காரம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறையும். இதுதான் 'ஹம்பக்கர்'. 1957-ல் கிட்டார்களில் ஏறியது. அதற்குத் துணையாக நின்ற பாட் 500 கிலோ ஓம்.

ஒருவருக்கு 250, இன்னொருவருக்கு 500. அதனால் என்ன ஆகிவிடும்?

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினீயரிங் வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தில் பஸ் ஏறிப் பேச்சிப்பாறை வரைக்கும் போய் வந்தால் போதும். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் கோதையாற்றுக்குக் குறுக்கே எழுப்பிய அணை அது. 1906-ல் முடிந்தது. அங்கே திறக்கிற தண்ணீர் கால்வாய்களில் ஓடித் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வரைக்கும் போகிறது. வழியில் ஒரு மடை சரியாக மூடாமல் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு முதல் அடி? தலைப்பில் வயல் வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கடைமடைக்காரர்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கிட்டாருக்குள்ளும் இதே கதைதான். சுருளில் இருந்து பேஸ் ஒலிகள் வலுவோடு வந்துவிடும். ட்ரெபிள் எனப்படும் மேல் ஒலிகளை அந்தச் சுருளே இழுத்துப் பிடித்துத்தான் அனுப்பும். அவைதான் கடைமடை. பாட் என்பது சிக்னல் போகும் வழிக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும் மடை. குமிழை முழுசாகத் திறந்து 10-ல் வைத்தாலும் கசிவு நிற்காது. கசிவு எவ்வளவு என்பதுதான் ஓம் கணக்கு. 250 கிலோ ஓமில் கசிவது 500-ல் பாதியாகும். 1 மெகா ஓமில் கால்வாசி. டோன் குமிழ் இருந்தால் அது இன்னொரு மடை.

பிக்கப்பின் மிடுக்கெல்லாம் பெரும்பாலும் விநாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரையிலான பகுதியில் இருக்கிறது. கசிவு மழுக்குவது அதைத்தான். ஒற்றைச் சுருள் இயல்பிலேயே கணீரென்று கத்தும். 250 அதைக் கொஞ்சம் அடக்கி, காதுக்கு இதமாக்கும். இரட்டைச் சுருள் இயல்பிலேயே கனத்த தொண்டை. 500 இருந்தால்தான் அதன் மேல் ஒலிகள் உயிரோடு வெளியே வரும்.

1958-ல் ஃபெண்டர் 'ஜாஸ்மாஸ்டர்' என்று ஒன்று கொண்டுவந்தார். அதில் 1 மெகா ஓம். ஜாஸ் வித்வான்களுக்காகச் செய்தது. அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடல் அலையில் பலகை விட்டு விளையாடும் கலிஃபோர்னியா இளைஞர்களின் பட்டாளம் அதைத் தூக்கிக்கொண்டு போய் 'சர்ஃப்' இசைக்கு வைத்துக்கொண்டது. கிப்ஸனோ, 1970-களில் பல கிட்டார்களில் 500-ஐ விட்டு 300-க்கு இறங்கியது. 'பழைய கணீர் இல்லையே' என்று மரத்தைத் திட்டினவர்கள் இந்த மடையையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

இன்னொரு சங்கதி. இந்தப் பாகங்கள் நகைக்கடைத் தராசில் நிறுத்தவை அல்ல. 20 சதவிகிதம் கூடலாம், குறையலாம் என்பது பழைய பாட்களுக்குப் பொதுவான கணக்கு. 250 என்று எழுதியிருக்கும். உள்ளே 200-ம் இருக்கலாம், 300-ம் இருக்கலாம். ஒரே நாளில், ஒரே மேஜையில் செய்த இரண்டு கிட்டார்களில் ஒன்று பேசும், மற்றது முனகும். ஒன்றுக்குப் 'பொன் குரல்' என்று பட்டம் கொடுத்து லட்சங்களைக் கொட்டுகிறோம்.

சரி, ஜாதகமாவது உண்மை பேசுமா? அதிலும் சிக்கல். 1965-ல் ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 130 லட்சம் டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். அவை தீரவே வருடங்கள் ஆயின. விளைவு, 1969-ல் செய்த கிட்டாரின் வயிற்றிலும் 1966 என்று முத்திரை!

'அமெரிக்காக்காரன் கிட்டாருக்கும் நமக்கும் என்னங்க?' என்று கேட்பீர்கள். 1981 டிசம்பர், சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. எலெக்ட்ரிக் மாண்டலினோடு உட்கார்ந்த 12 வயது பாலகோல் பையன் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று செத்துவிடும். நாலு ஜோடிக் கம்பிகளை இழுத்துக் கமகம் கொண்டுவருவதும் பெரும்பாடு. ஜோடியை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளாக ஐந்து கட்டி, மின்சாரத்தின் துணையோடு ஒலியை நீடிக்கவைத்தார். மேல்நாட்டு வாத்தியத்தில் கர்னாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்களும் பின்னால் தலையாட்டினார்கள். 2014-ல், 45 வயதிலேயே அவர் போனபோது நாடே அழுதது. பிக்கப்பில் இருந்து ஸ்பீக்கருக்குப் போகும் எந்தத் தந்தி வாத்தியத்துக்கும் மேலே சொன்ன மடைக் கணக்குதான். ஆனால், அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலினே வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டுக் கம்பியில் கொண்டுவருவான். நாம் கேட்டதெல்லாம் அந்தப் பாட்டுத்தான்.

குலசேகரத்தில் சர்ச் பாடகர் குழுவிலோ, ஊர்த் திருவிழாக் கச்சேரியிலோ கிட்டார் வாசிக்கிற தம்பிக்கு ஒன்று சொல்லலாம். ஒலி மழுங்கலாக இருக்கிறது என்று அப்பாவிடம் புதுக் கிட்டார் கேட்பதற்கு முன்னால், தகட்டைக் கழற்றிப் பார். ஒயரைப் பிரித்துவிட்டு மல்டிமீட்டரில் அள. 500 இருக்க வேண்டிய இடத்தில் 250 உட்கார்ந்திருந்தால் பாட்டை மாற்று. செலவு கிட்டார் விலையில் ஒரு துளிகூட இருக்காது. எண் சரியாக இருந்து, அப்புறமும் பாட்டு வரவில்லை என்றால்... தகட்டை மூடிவிட்டு சாதகம் பண்ண உட்கார வேண்டியதுதான்!